வாழ்த்துக்குத் தீட்டில்லை

கிறிஸ்மஸ் என்றால் குடிலைப் பற்றியும் நட்சத்திரத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் அடுப்படியைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்நாட்டில் கிறிஸ்தவம் சாதியோடு எங்கே மோதியது, எங்கே சமரசம் செய்தது, எங்கே மண்டியிட்டது என்று பார்க்க வேண்டுமானால் பீடத்தைப் பார்த்தால் போதாது. யார் சமைத்ததை யார் தின்றார்கள், யார் கையால் யார் வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். சபைச் சரித்திரம் எழுதியவர்கள் இதைப் பாதிரிமார்களுக்குள் நடந்த வாக்குவாதமாக எழுதி முடித்துவிட்டார்கள். இது எங்கள் பெண்களின் சரித்திரமும்கூட.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிச் சீமைக்காரி. எங்க தெருவில் எல்லாரும் வேதக்காரங்க. கார்த்திகை முடியப் போகிறது என்றாலே பொம்பளைகளுக்குள் பேச்சு ஒன்றுதான். "ஏக்கா, இந்த வருசம் என்ன சுடப்போறீக?" "முறுக்கும் அதிரசமும் போதும் மதினி. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு விக்கிற வெலைக்கு யாரு வாங்க?" வாரா வாரம் கட்டின பலகாரச் சீட்டு அந்த மாதம்தான் கைக்கு வரும். பெரிய எண்ணெய்ச் சட்டி நாலு வீட்டுக்கு ஒன்று. பாகு பதம் தெரிந்த கிழவி ஒருத்தி வீடு வீடாகப் போய்ப் பதம் பார்த்துச் சொல்லுவாள். அவள் கை வைக்காமல் அதிரசத்துக்கு மாவு போடுவது கிடையாது. வயல் வேலைக்குப் போய் வந்த பிறகு ராத்திரி பத்து, பதினொரு மணி வரைக்கும் சுடுவாங்க.

கிறிஸ்மஸ் விடியக்காலை ஆராதனை முடிந்து வந்ததும் இட்லியும் கறிக்குழம்பும். எங்க ஆச்சி காலத்தில் இட்லி என்பது வருசத்துக்கு ரெண்டு மூணு தடவை பார்க்கிற பொருள். மற்ற நாளெல்லாம் கேப்பைக்கூழும் கம்மங்கஞ்சியும்தான். மத்தியானம் நெல்லுச்சோறு, மாட்டுக்கறி. பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு மாடு பிடித்து, கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். எலும்புக்கூறு, ஈரல், குடல் என்று எல்லாக் கூற்றிலும் எல்லாம் இருக்கும்படி பிரிப்பது ஒரு கலை. காசு கொடுக்க முடியாத வீட்டுக்கும் கூறு உண்டு. அறுவடைக் கூலி வந்தபிறகு கொடுத்தால் போதும். மிஞ்சின கறி உப்புக்கண்டமாகக் கொடியில் தொங்கும். 'அன்பின் விருந்து' என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, அது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சுட்டு முடித்ததும் தட்டு புறப்படும். அஞ்சு முறுக்கு, ரெண்டு அதிரசம், ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே வெள்ளைத் துணி. எங்க தெருவுக்குள் தட்டு வெறுமையாகத் திரும்பாது. அவங்க வீட்டுப் பலகாரம் அதிலே வைத்துத்தான் வரும். ஆனால் எங்க சபையிலே இன்னொரு தெருவும் உண்டு. அதே கோயில், அதே ஐயர், அதே பாட்டுப் புத்தகம், வேறே சாதி. அந்தத் தெருக்காரங்க கோயில் வாசலில் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லுவாங்க. அதிலே குறையே வைக்க மாட்டாங்க. தட்டைக் கொண்டுபோனால் மட்டும், "எதுக்கும்மா சிரமம், பிள்ளைகளுக்கு வச்சுக்கோங்க" என்பாங்க. பழத்தை எடுத்துக்கொண்டு முறுக்கைத் திருப்பினவர்களும் உண்டு. கீதம் பாடிக்கொண்டு ராத்திரி வீடு வீடாக வருகிற குழுவுக்கு நாங்கள் காப்பி போட்டு வைத்திருப்போம். காப்பி ஆறிப்போகும். மூடி திறக்காத கலர் பாட்டில் கொடுத்தால் குடிப்பார்கள்.

இதிலே ஒரு சட்டம் இருக்கிறது. பச்சையாக இருந்தால் வாங்கலாம், நெருப்பில் வைத்திருந்தால் கூடாது. அரிசி, வாழைத்தார், முட்டை, உயிரோடு இருக்கிற கோழி எல்லாம் எங்க தெருவிலிருந்து காணிக்கையாகப் போகும், ஏலத்திலும் போகும். தண்ணியும் நெருப்பும் எங்க கையும் சேர்ந்த பொருள் மட்டும் எல்லை தாண்டாது. இப்போது பேக்கரிக் கேக்கைப் பெட்டியோடு கொடுத்தால் சிரித்துக்கொண்டு வாங்குகிறார்கள். ஏனென்றால் அதைச் சுட்ட கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. சாதி ஒழிந்ததால் வாங்கவில்லை. கை மறைந்ததால் வாங்குகிறார்கள்.

இந்தச் சட்டம் மனுவின் வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. சபை அதைக் கூட இருந்து வளர்த்தது.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி மாமிசத்தை விட்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார், ஏற்கெனவே மதுரையில் இருந்த பரங்கிப் பாதிரியிடமிருந்து விலகித் தனியாக வாழ்ந்தார். மேல்சாதிக்கு வேதம் சொல்ல வேண்டுமானால் முதலில் அடுப்பைப் பிரிக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். பிற்பாடு ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் வந்தார்கள். சாமியார்களே ரெண்டு பந்தியானார்கள்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த புராட்டஸ்டண்டு மிஷன் இதைவிட மேலா? ராஜநாயக்கன் கதையைப் பார்ப்போம். பறையர். கத்தோலிக்கக் குடும்பம், தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். தமிழில் அச்சான வேதத்தைத் தானே வாசித்துத் தரங்கம்பாடி மிஷனைத் தேடி வந்தார். உபதேசியாகத் தஞ்சைப் பக்கம் பல சபைகளை உண்டாக்கினார், அடி உதையும் வாங்கினார். 1733 டிசம்பர் 28இல் முதல் தமிழ்க் குருவாக வேளாளரான ஆரோனுக்கு அபிஷேகம் நடந்தது. 1741இல் இன்னொருவருக்குப் பட்டம் கொடுக்கும்போது ராஜநாயக்கன் பெயர் வந்தது. கொடுக்கவில்லை. தியோகு என்பவருக்குக் கொடுத்தார்கள். காரணத்தை மிஷனரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள்: இவர் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்தத் திருவிருந்தின்மேல் உள்ள மரியாதை குறைந்துவிடும் என்பது. யோசித்துப் பாருங்கள். அவருடைய பிரசங்கம் வேண்டும், அவர் சேர்த்த ஆத்துமாக்கள் வேண்டும், அவர் வாங்கின அடி வேண்டும். அவர் கை தொட்ட அப்பத்துண்டு மட்டும் வேண்டாம். எங்க தெருத் தட்டு திரும்பி வருவதற்கு முன்னோடி இதுதான்.

நூறு வருசம் கழித்து இங்கிலீஷ் சபைக்கு உறைத்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் அடியோடு, உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். உட்காருகிற இடத்திலும் நற்கருணையிலும் பேதம் கூடாது என்றார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டுப் போனார்கள். 1847இல் அமெரிக்கன் மதுரை மிஷன் இன்னும் ஒருபடி மேலே போய், அன்பின் விருந்து ஒன்றை வைத்துச் சாதியை விட்டவர் யார் என்று சோதித்தது. உபதேசிமார் உட்பட, சேர்ந்து சாப்பிட மறுத்தவர்கள் விலக்கி வைக்கப்பட்டார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இதையே பொது விதியாக்கியது. எந்தச் சாதியார் சமைத்ததையும் சாப்பிட்டுச் சாதியை முறிக்காதவருக்கு ஞானஸ்நானம் இல்லை. லைப்சிக் மிஷன் மட்டும் இதற்குச் சேரவில்லை. சாதியை விட மனசில்லாத பலருக்கு அது ஒதுங்க நிழலானது.

இந்த விதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு மனிதன் சாதியை விட்டானா இல்லையா என்பதை அவன் வாயைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, அவன் இலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஆனால் ஒரு கேள்வி. யார் சாப்பிட்டார்கள், யார் எழுந்து போனார்கள் என்று கணக்கு எழுதினார்களே, அப்படிப்பட்ட விருந்துகளைச் சமைத்தவர்களைப் பற்றி என்ன எழுதினார்கள்? அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படிகளில் பெரும்பாலும் பறையர்களே வேலை பார்த்தார்கள். மாட்டுக்கறி தொட மற்ற சாதி வராது. கலெக்டர் துரையும் பாதிரி துரையும் எங்கள் கையால் தின்றுதான் கிறிஸ்மஸ் கொண்டாடினார்கள். துரைக்குத் தீட்டில்லாத கை உபதேசியாருக்குத் தீட்டாக இருந்தது. மேல்சாதியார் செய்யவேண்டிய தியாகமாகவே அந்தச் சோதனையைப் பார்த்தார்கள். எங்கள் சோறு அவர்களுக்கு மருந்து மாதிரி. கண்ணை மூடி ஒருவாய் முழுங்கினால் போதும், விருந்து என்று யாரும் நினைக்கவில்லை. அதனால்தான் விதி புத்தகத்தில் தங்கியது, அடுப்படிக்கு வரவில்லை.

அப்புறம் தாது வருசப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. கஞ்சிக்கு வழியில்லாத ஆயிரக்கணக்கான பேர் திருநெல்வேலிச் சீமையில் சபையில் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து 'சோத்துக்கு வேதத்துல சேந்தவன்' என்ற வசை எங்கள்மேல் ஒட்டிக்கொண்டது. சோற்றுக்குச் சேர்ந்தால் என்ன குறை? பசித்தவன் சோறு கேட்பது அவமானமில்லை. நெல் விளைவித்தவனைப் பட்டினி போட்டதுதான் அவமானம். வேடிக்கை என்னவென்றால், எங்களைச் சோத்துக்கிறிஸ்தவன் என்று சொன்னவர்களே எங்கள் சோற்றைத் தொட மாட்டேன் என்றார்கள்.

டிசம்பர் 25 எங்களுக்கு இன்னும் ரெண்டு காரியத்துக்கான நாள். 1927 மார்ச்சில் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் மக்களும் தண்ணீர் குடித்தபோது, சாப்பாட்டுப் பந்தலுக்குள் புகுந்த கும்பல் சமைத்த உணவை மண்ணில் கொட்டியது. அதே வருசம் டிசம்பர் 25இல் அதே ஊரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில், கூலிநெல்லைக் கூட்டிக் கேட்டவர்களின் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள் என்று 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாத சபை யாருடைய சபை? மூன்றிலும் இருப்பது தண்ணீரும் சோறும்தான். குளத்துத் தண்ணீர், கூலிநெல், திரும்பி வந்த தட்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வர முடியாது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளிக்குக் கொடுத்த பெட்டிக்கடையைக் கிறிஸ்தவன் என்று தனக்கு மறுத்தது நியாயமா என்று கேட்டுச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மதம் மாறின பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. ஆதாரம் கேட்கிறார்கள். வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதற்குத் தேதி உண்டு, ஏடு உண்டு. தட்டு திரும்பி வந்ததற்கு எந்த ஏட்டில் தேதி இருக்கிறது? எங்கள் பெண்களின் வாயில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதுங்கள் என்று மாணவர்களையும் தோழர்களையும் கேட்டுக்கொள்கிறேன். எந்த வருசம், எந்தப் பலகாரம், என்ன சொல்லித் திருப்பினார்கள் என்று எழுதுங்கள்.

சேர்ந்து தின்றால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. சமபந்தி மட்டும் போதாது, கலப்பு மணமும் சாதியைப் புனிதமாக்கும் சாஸ்திரத்தை மறுப்பதும் வேண்டும் என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். ஆனால் முறுக்கை வாங்காதவன் பெண்ணைக் கொடுப்பானா? இந்தக் கேள்வி எங்க தெருவுக்கும் உண்டு. எங்க தட்டு அருந்ததியர் தெருவுக்குப் போகிறதா, அங்கேயிருந்து வந்தால் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோமா என்பதையும் எங்கள் பெண்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

எங்க பக்கம் கோயில்களில் அசனம் என்று ஒன்று உண்டு. ஊர் முழுக்கச் சோறும் கறியும் போடுகிற பெரிய விருந்து. எங்க சபை அசனத்தில் விறகு சுமப்பது, வெங்காயம் உரிப்பது, அண்டா தேய்ப்பது எங்க தெரு. கரண்டி பிடிப்பது வேறே தெரு. அடுத்த அசனத்தில் கரண்டி எங்கள் பொம்பளைகள் கைக்கு வரவேண்டும். பாகு பதம் பார்க்கிற எங்கள் கிழவி உப்புப் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாத் தெருவும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். வாழ்த்துச் செய்தி அச்சடித்து அனுப்புகிற ஆயர்மாரும் அந்தப் பந்தியில் உட்காரட்டும். இலை போட நாங்கள் தயார்.