தேடுபொறியும் தரவரிசையும்: ஒரு வரலாற்று நோக்கு

அறிவு எவ்வாறு வகைப்படுத்தப்படுகின்றது, எது முன்னும் எது பின்னும் வைக்கப்படுகின்றது என்பன தொழினுட்ப வினாக்கள் மட்டுமல்ல. சமூக அதிகாரம் பற்றிய வினாக்களுமாகும். இணையத்திலே எழுதுவோரும் தளம் நடத்துவோரும் தம் பக்கங்கள் தேடுபொறியின் முன்வரிசையிலே தோன்றுதற்பொருட்டு மேற்கொள்ளும் முயற்சிகள் 'தேடுபொறி உகப்பாக்கம்' எனப்படுகின்றன. இதனை வெறும் உத்திகளின் தொகுதியாக நோக்குவதே வழக்கம். நாம் ஈண்டு ஆராய முற்படுவது, இம்முயற்சி எத்தகைய உறவுகளிடையே உருவாயிற்று என்பதையாகும்.

1990 ஆம் ஆண்டிலே கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் அலன் எம்டேஜ் உருவாக்கிய 'ஆர்ச்சி' கோப்புகளின் பெயர்களையே தேடித் தந்தது. 1994 இல் தோன்றிய 'யாஹூ' மனிதர் தொகுத்த விடயப் பட்டியலாக விளங்கிற்று. 1995 டிசெம்பரில் வெளிவந்த 'அல்ராவிஸ்ரா' பக்கங்களின் முழு வாசகத்தையும் தேடும் வசதியைப் பெருமளவில் அளித்தது. இக்காலத் தேடுபொறிகள் பக்கத்திலுள்ள சொற்களையும், பக்கத்தை ஆக்கியவரே அதன் தலைப்பகுதியில் எழுதிவைத்த திறவுச்சொற்களையும் பெரிதும் நம்பின. அதாவது, ஒரு பக்கத்தின் தகுதிக்கு அதன் ஆசிரியரே சாட்சியானார். ஒரே சொல்லைப் பன்முறை அடுக்குதலும், வெண்பின்னணியில் வெண்ணிற எழுத்தாகச் சொற்களை மறைத்து வைத்தலும் இதன் விளைவுகளே.

இக்குறையை நீக்க முற்பட்டோருள் முதன்மையானோர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லரி பேஜும் சேர்ஜி பிரினும் ஆவர். ஓர் ஆய்வுக் கட்டுரையின் செல்வாக்கை, பிறர் அதனை எத்துணை எடுத்தாண்டுள்ளனர் என்பதைக்கொண்டு அறியும் வழி, யூஜீன் கார்பீல்ட் 1964 இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் சுட்டியால் வலுப்பெற்றிருந்தது. இவ்விருவரும் இணைப்பு ஒவ்வொன்றையும் ஒரு மேற்கோளாகக் கொண்டு, பலரால் சுட்டப்பட்ட பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்குக் கூடுதல் நிறை வழங்கினர். விளம்பர வருவாயில் தங்கியுள்ள தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998 இல் வெளியான அவர்தம் கட்டுரையே எச்சரித்தமை குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலேயே அவர்கள் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கினர். 2000 ஒக்ரோபரில் அந்நிறுவனம் தன் விளம்பர விற்பனைத் திட்டத்தை அறிமுகஞ்செய்தது.

மேற்கோள் சந்தைக்கு வந்ததும் பண்டமாயிற்று. 2000 டிசெம்பரில் கூகிள் வெளியிட்ட கருவிப்பட்டை, பக்கங்களின் மதிப்பை 0 முதல் 10 வரையான எண்ணாகக் காட்டிற்று. அவ்வெண்ணே இணைப்பின் விலையை அளக்கும் கோலாயிற்று. இணைப்புகளை விற்போரும், ஒன்றையொன்று சுட்டும் போலித்தளங்களை வளர்ப்போரும் பெருகினர். 2005 சனவரியில் கூகிள், யாஹூ, மைக்ரோசொப்ற் ஆகியன, குறியீடொன்றால் அடையாளமிடப்பட்ட இணைப்புகளைத் தரவரிசைக் கணக்கில் எடாது விட இணங்கின. 2011 பெப்ரவரியில் வந்த 'பாண்டா', 2012 ஏப்ரலில் வந்த 'பெங்குயின்' எனும் மாற்றங்கள் முறையே தரங்குன்றிய உள்ளடக்கத்தையும் செயற்கை இணைப்புகளையும் பின்தள்ளின. விதி தந்திரத்தை ஈன்றது. தந்திரம் புதிய விதியை வேண்டிற்று. ஆயின், விதி வகுக்கும் உரிமை ஒரு பக்கத்திலேயே இருந்தது.

கருவிகளின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. வாசகர் எச்சொல்லைத் தேடி வந்தார் என்பதை முன்னர் தள உரிமையாளர் தம் வழங்கியின் பதிவிலேயே காண முடிந்தது. 2011 ஒக்ரோபர் முதல், வாசகரின் அந்தரங்கப் பாதுகாப்பைக் காரணங்காட்டி, கூகிள் இதனைப் படிப்படியாக மறைத்தது. விளம்பரத்தின் வழி வந்த வருகைகளுக்கோ 2014 வரை அத்தகவல் தொடர்ந்து கிடைத்தது. இன்று, கூகிள் வழி வரும் வாசகரைப் பொறுத்தவரை, அந்நிறுவனத்தின் 'சேர்ச் கொன்சோல்' எனும் கருவி காட்டும் அளவையே தளம் நடத்துவோர் அறிய முடிகின்றது.

2024 ஓகஸ்டில் அமெரிக்க சமஷ்டி நீதிமன்றமொன்று, கூகிள் தேடற்சந்தையில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியதெனத் தீர்ப்பளித்தது. கைபேசிகளிலும் உலாவிகளிலும் முற்கூட்டியே அமைக்கப்பட்ட தேடுபொறியாக இருத்தற்பொருட்டு, 2021 இல் மட்டும் அது 2,600 கோடி டொலருக்கு மேல் செலுத்தியமை அவ்வழக்கிலே வெளிப்பட்டது. பிறர்தம் இடத்தைத் தகுதியால் அளப்பதாகக் கூறும் நிறுவனம், தன் இடத்தை விலைகொடுத்தே காத்துக்கொண்டது.

இவற்றைக்கொண்டு உகப்பாக்கம் முழுவதும் ஏமாற்று என முடிவு கட்டுதல் பொருந்தாது. பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த தமிழ்ப் பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகவும் கணனிக்கு உரோம எழுத்துக் கோவையாகவும் இருந்தன. தமிழ்ச் சொல்லை இட்டு அவற்றைத் தேட இயலவில்லை. ஒருங்குறியின் பரவலே அதனைச் சாத்தியமாக்கிற்று. பொருளுணர்த்தும் தலைப்பு, முறையான உபதலைப்புகள், படமாகவன்றி எழுத்தாகவே அமைந்த வாசகம் என்பனவும் இத்தகையனவே. எழுத்தைக் கண்டடையத்தக்கதாக்குதல் வேறு. இடத்தை விலைக்கு வாங்குதல் வேறு. முன்னையது எழுதுவோர் கடமை. பின்னையதற்கு இடமளிக்கும் தரவரிசை விதிகளைப் பொதுமக்களுக்குப் பொறுப்புக் கூறத்தக்கனவாக்குதல், தனிமனித உத்திகளால் ஆவதன்று. அது கூட்டாக எழுப்பப்படவேண்டிய அரசியற் கோரிக்கையாகும்.