பிரசவ நாட்குறிப்பு

மகப்பேற்றுக்குப் பின்வரும் நாட்களிலும் மாதங்களிலும் ஒரு தாய் தன் தேக நிலையையும் மனோநிலையையும் தானே கவனித்து எழுதி வைக்கும் குறிப்பு, பிரசவ நாட்குறிப்பு எனலாம். குழந்தையின் எடையும் தடுப்பூசித் தேதியும் பதியப்படும் ஆஸ்பத்திரி அட்டையினின்றும் இது வேறானது. அதில் சிசுவே விஷயம், இதில் பெற்றவளே விஷயம்.

தேவை: நஞ்சுக்கொடி வெளியேறியதும், கர்ப்ப காலத்தில் உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் சில நாட்களுக்குள் பெரிதும் தாழ்ந்துவிடுகின்றன. மார்பில் பால் கட்டும் வேதனையும் துண்டுபட்ட உறக்கமும் அதனோடு சேர்ந்துகொள்ள, மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வாக்கில், பெற்றவர்களில் பெரும்பாலோர்க்குக் காரணம் சொல்லத் தெரியாத அழுகையும் சஞ்சலமும் உண்டாகின்றன. குழந்தை யார் சாயல் என்று பேசியபடி வந்தவரெல்லாம் தொட்டிலைச் சூழ்ந்து நிற்க, பெற்றவளின் மனத்தை விசாரிப்பார் அரிதாகிவிடும் அந்நாட்களில், அவள் உள்ளதை உள்ளபடி சொல்ல ஓர் இடம் அவசியமாகிறது.

வரலாறு: ஆங்கில நாவலாசிரியை எலிசபெத் காஸ்கெல், தம் முதல் நாவலுக்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1835 மார்ச் 10இல், ஆறு மாதக் குழந்தையான மகள் மரியான்னைப் பற்றி ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். கைக்குழந்தையாயிருந்தபோதே தாயை இழந்தவரும், 1833இல் தலைக்குழந்தையை உயிரற்றே பெற்றவருமான அவர், தாம் இறக்க நேர்ந்தாலும் மகளுக்குச் சேரட்டும் என்று அதை அவளுக்கே உரிமையாக்கினார். குழந்தையின் வளர்ச்சியை எழுதப் புகுந்த அப்பக்கங்களில், தம் பாசம் அளவு கடந்துவிடுமோ என்ற அச்சமும் ஆத்ம பரிசோதனையும் இடம்பெற்றன. மாதக்கணக்கில் இடைவெளி விட்டே 1838 வரை எழுதப்பட்ட அது, நாள்தோறும் எழுத இயலாத தாய்மார்க்கு நல்ல ஆறுதல்.

ஆராய்ச்சி: அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பாருடன் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நாளுக்கு 15 நிமிஷம் வீதம் தொடர்ந்து 4 நாட்கள் எழுதினர். மனத்தைப் புண்படுத்திய சம்பவத்தோடு அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்தவுடன் சற்றுக் கலங்கினாராயினும், அடுத்த ஆறு மாதங்களில் வைத்தியரை நாடியது குறைவு. பிரசவித்த தாய்மாரிடம் பின்னர் நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒரே விதமாக அமையவில்லை. ஆகையால் எழுதுவதைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளலாகாது.

முறை: குழந்தை பால் குடித்து உறங்கும் வேளையில் நாலு வரி எழுதினாலும் போதும். நடந்ததையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுதவேண்டும். குழந்தையின் மீது எரிச்சல் வந்ததென்றால் அதையும் மறைக்காமல் எழுதுவதே நலம், ஏனெனில் அத்தகைய எரிச்சல் நல்ல தாய்மார்க்கும் வருவது. அந்நோட்டைத் தாயின் அனுமதியின்றிப் பிறர் பிரித்துப் பாராதிருப்பதும், எழுதும் நேரத்தில் குழந்தையைத் தாம் ஏந்திக்கொள்வதும் வீட்டார் கடமையாம்.

எல்லை: பிரசவ மனச்சோர்வை அறிய 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலின் 10 வினாக்களும் கடந்த 7 நாட்களின் மனநிலையையே கேட்பவை; ஆதலால் குறிப்பு எழுதிவரும் தாய்க்கு அவற்றுக்கு உண்மையாக விடையளித்தல் எளிது. துயரம் இரண்டு வாரம் கடந்தும் நீங்காவிடினும், தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் ஒருமுறையே தோன்றினும், எழுத்தோடு நின்றுவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். இம்மனச்சோர்வு தாயின் குணக்குறையன்று, சிகிச்சையால் தீரக்கூடிய நோயே.