முத்திரை நீங்கிய பிள்ளைகள்: கார்க்கி குடியிருப்பின் வரலாறு

ஒரு பிள்ளையைச் சுட்டி, “இவன் திருந்தமாட்டான்” என்று சொல்லிவிடுவது எளிது. சொல்பவர் அதனை அன்றே மறந்துவிடுகிறார். சொல்லப்பட்டவனோ அதனை வாழ்நாளெல்லாம் சுமக்கின்றான். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் நாட்டில் வாழும் நமக்கு இந்த உண்மையை வேறொருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளை ஓர் இல்லத்தில் சேர்த்து, அம்முத்திரையைத் துடைத்தெறிந்த முயற்சிகளும் உலகில் நடந்துள்ளன. அவற்றுள் ஒன்றன் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

தெருவில் நின்ற தலைமுறை

1914 முதல் 1920 வரை உலகப் போர், புரட்சி, உள்நாட்டுப் போர் ஆகிய மூன்றும் ருசியப் பேரரசின் நிலமெங்கும் அடுத்தடுத்து வீசின. பஞ்சமும் கொள்ளைநோயும் உடன் வந்தன. பெற்றோரை இழந்த பல இலட்சம் பிள்ளைகள் தெருவுக்கு வந்தனர். இரயில் நிலையங்களில் உறங்கினர், பசிக்குத் திருடினர், சிலர் வழிப்பறியிலும் இறங்கினர். அன்பு காணாத நெஞ்சில் அச்சமும் சினமுமே குடியேறின.

1920ஆம் ஆண்டில், உக்ரைன் நாட்டின் பொல்தாவா நகருக்கு ஆறு கிலோமீட்டர் தொலைவில், இத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு குடியிருப்பு தொடங்கப்பெற்றது. அதன் பொறுப்பை ஏற்றவர் அந்தோன் மக்காரெங்கோ என்னும் பள்ளி ஆசிரியர். 1888 மார்ச் 13இல் பிறந்த அவர், இரயில்வே பணிமனையில் வண்ணம் பூசும் தொழிலாளி ஒருவரின் மகன். குடியிருப்புக்குக் கிடைத்த கட்டடங்களோ சூறையாடப்பட்டுக் கிடந்தன. தோட்டத்துப் பழமரங்களைக்கூட வேரோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தனர். விறகில்லை, போர்வையில்லை, காலணியில்லை. இந்நிலையில்தான் முதல் மாணவர் அறுவர் வந்து சேர்ந்தனர்.

தோல்வியும் பாடமும்

தொடக்கத்தில் அப்பிள்ளைகள் ஆசிரியர் சொல்லுக்குச் செவிசாய்க்கவில்லை. பனிக்காலத்தில் விறகு வெட்ட அழைத்தபோது ஒருவன் எள்ளி நகையாடினான். மனம் நொந்திருந்த மக்காரெங்கோ அவனை அடித்துவிட்டார். இச்செய்தியை மறைக்காமல் தாமே தம் நூலில் எழுதியுள்ளார். தாம் நிலைதவறி வீழ்ந்ததாகவே அதனை உணர்ந்தார். ‘கல்விக் காவியம்’ என்று பொருள்படும் அந்நூலில் பெயர்களை மாற்றியும் கதைபோல் அமைத்தும் எழுதியிருப்பதால், அதனைப் படிப்போர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

நாம் அந்த அடியைப் போற்றவில்லை. “அடித்தால்தான் பிள்ளை திருந்தும்” என்பார்க்கு இது சான்றும் ஆகாது. குடியிருப்பை உயர்த்தியது அதன் பின்னர் அவர் கைக்கொண்ட முறைகளே.

முதலாவது, பிள்ளைகளின் பழைய குற்றங்களைக் குறித்த கோப்புகளைப் படிப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். வந்தவன் நேற்று யார் என்பதைக் கேளாமல், நாளை யார் ஆவான் என்பதையே நோக்கினார். கோப்பு திறக்கப்படாத இடத்தில் பிள்ளையும் தன் பழமையை மறக்கத் தொடங்கினான்.

இரண்டாவது, உழைப்பு. அருகில் பாழடைந்து கிடந்த ஒரு பண்ணையைப் பிள்ளைகளே சீர்செய்து உழுது பயிரிட்டனர்; பட்டறை வைத்தனர்; கால்நடை வளர்த்தனர். நாடகங்களும் நடத்தினர். முன்பு இவர்களைக் கண்டு கதவடைத்த சுற்றுப்புறக் கிராமத்தார், பின்பு இவர்களுடைய நாடகம் காணத் திரண்டு வந்தனர்.

மூன்றாவது, பொறுப்பு. பிள்ளைகள் சிறுசிறு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். அணித் தலைவர்கள் கூடிய குழுவே குடியிருப்பின் அன்றாட நடைமுறைகளை முடிவு செய்தது. சில நாள் வேலைகளுக்கென அமைந்த கலப்பு அணிகளில், நிலையான தலைவன் ஒரு சாதாரண மாணவனின் கீழ்த் தொண்டனாக நின்று உழைத்தான். ஆணையிடவும் கற்றனர், ஆணைக்கு அடங்கவும் கற்றனர். எவனும் பிறவித் தலைவனில்லை, எவனும் பிறவித் தொண்டனில்லை என்பது அங்கே நாள்தோறும் நடைமுறையாயிற்று.

எண்ணாமற் பெற்ற பணம்

அந்நூலில் கரபானொவ் என்னும் பெயரில் வரும் இளைஞனின் நிகழ்ச்சி நம் நெஞ்சை விட்டு அகலாதது. திருட்டுக் குற்றத்தால் குடியிருப்பை விட்டு அகன்று, பின்னர் மனம் மாறித் திரும்பியவன் அவன். இரு வாரங்கள் கழிந்ததும் மக்காரெங்கோ அவனிடம் குதிரையும் கைத்துப்பாக்கியும் தந்து, நகரிலிருந்து 500 ரூபிள் வாங்கிவர அனுப்பினார். அவன் கொண்டுவந்து கொடுத்தான். எண்ணிப் பார்க்கும்படி வேண்டினான். அவர் எண்ணாமலே பெட்டியில் வைத்தார். அடுத்த முறை 2000 ரூபிள் வாங்கிவர அனுப்பினார். அன்று அவன் கொந்தளித்துப் போனான். தன்னை ஒருவர் இவ்வளவு நம்பக்கூடும் என்பதை அவனால் தாங்க இயலவில்லை. திருடனைத் தண்டித்தவர் பலர். அவனிடம் பணப்பையைக் கொடுத்தவர் ஒருவரே.

அந்த இளைஞனின் உண்மைப் பெயர் செம்யோன் கலபாலின் (1903–1972). அவர் பிற்காலத்தில் தம் ஆசிரியரின் வழியையே பின்பற்றி, ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களை வாழ்நாள் முழுதும் நடத்தினார். அப்படி நடத்திய ஓர் இல்லத்தில், மாணவன் ஒருவனால் அவருடைய சிறு மகனே கொல்லப்பட்டான் என்று அந்நூலின் முடிவுரை கூறுகின்றது. அதற்குப் பின்னும் அவர் அப்பணியை விடவில்லை.

புகழும் கண்டனமும்

1926இல் மக்காரெங்கோ ஏறத்தாழ 120 மாணவர்களுடன் கார்கோவ் நகருக்கு அருகிலிருந்த குரியாஷ் என்னும் பழைய மடத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சீர்கெட்டுக் கிடந்த பிள்ளைகள் ஏறத்தாழ 280 பேர். முன்பு தெருவிலிருந்து மீட்கப்பட்டவர்களே அவர்களை மீட்கும் துணைவராயினர். 1928இல், குடியிருப்புக்குத் தம் பெயரை அளித்த எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி நேரில் வந்து அவர்களோடு தங்கினார். அதே ஆண்டில், லெனினின் துணைவியாரும் கல்வித்துறைத் தலைவர்களுள் ஒருவருமான குரூப்ஸ்காயா அங்கிருந்த தண்டனை முறைகளைக் கண்டித்தார். மக்காரெங்கோ அக்குடியிருப்பை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் அவர் பணியாற்றிய இல்லம் காவல்துறையின் ஆதரவில் நடந்தது. அதன் இளைஞர்கள் 1930களில் நிழற்படக் கருவிகளைத் தாமே செய்தளித்தனர். 1939 ஏப்ரல் 1இல் அவர் மறைந்தார். அவருடைய முறையில் படைக்குரிய கண்டிப்பு மிகுதி என்னும் குறையும் சொல்லப்படுகின்றது. குறையை அறிந்தே நிறையைக் கொள்வோம்.

நமக்குரிய செய்தி

நம் நாட்டில் ஆங்கில ஆட்சி 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் இயற்றியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குற்றம் செய்தவனை அன்றி, பிறந்தவனையே குற்றவாளியாக்கிய சட்டம் அது. சீர்திருத்தம் என்னும் பெயரில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் அது இடங்கொடுத்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அது ஒழிந்தது. அங்கேயும் பிள்ளைகளுக்கு இல்லம் இருந்தது. ஆனால் கோப்பு பிறப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. சுவரும் கூரையும் ஒன்றே, நோக்கம் வேறு.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறப்புச் சூழ்நிலைகள் நீங்கலாக, பிள்ளையின் பழைய பதிவுகள் அழிக்கப்பட்டு அவன் புதுவாழ்வு தொடங்கவேண்டும் என்னும் நெறியை ஏற்றுள்ளது. பொல்தாவாவில் ஓர் ஆசிரியர் தம் மனச்சான்றின்படி செய்தது இன்று நம் நாட்டின் சட்ட நெறி. ஆயினும், சட்டம் காகிதக் கோப்பையே அழிக்கும். மனிதர் மனத்திலுள்ள கோப்பை மனிதரே அழித்தல் வேண்டும்.

இளைஞர்களே! நம் தெருவிலும் விடுதியிலும், முரடன் என்றும் உதவாக்கரை என்றும் பெயரெடுத்த தம்பி ஒருவன் இருப்பான். மற்றவர் நமக்குச் சூட்டிய இழிபெயரை மறுத்து எழுந்த நாம், நம்முள் ஒருவனுக்கு அத்தகைய பெயரைச் சூட்டலாமா? அவனிடம் ஒரு சாவியை, ஒரு கணக்குப் புத்தகத்தை, ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஒருமுறை தவறினால் மறுமுறையும் கொடுங்கள். கல்வியின் தொடக்கம் எழுத்தறிவித்தல் மட்டுமன்று. நம்பிக்கை வைத்தலும் ஆகும்.