மூடிய பெட்டியும் திறந்த பெட்டியும்

திரையும் கணனியும் ஒன்றாக இணைந்ததை வாங்குவதா, திரை வேறு பெட்டி வேறு என்ற பழைய முறையிலானதை வாங்குவதா என்று அண்மைக் காலத்தில் என்னிடம் கேட்போர் பலர். முன்னதைக் கடைக்காரர்கள் 'ஓல் இன் வன்' என்றும், நிமிர்ந்து நிற்கும் பெட்டியைக் கொண்ட பின்னதை 'டவர்' என்றும் அழைக்கின்றனர். கேட்பவர்களில் பெரும்பாலோர் கனடாவிலோ ஜேர்மனியிலோ இருந்துகொண்டு, யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ தனித்திருக்கும் பெற்றோருக்கு ஒன்றை வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள். நான் கணனிப் பொறியியலாளன் அல்லன். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, முழுப் பக்கமும் திரையிலேயே உருவாவதைக் கண்டு ஓய்வு பெற்றவன். ஆயினும் இக்கேள்விக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகால வரலாறு உண்டு. விலைப்பட்டியல் சொல்லாத பலவற்றை அது சொல்லும்.

எல்லாம் ஒன்றாக அமைந்த கணனி புதிய கண்டுபிடிப்பு என்றே பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1977 இல் வெளிவந்த கொமடோர் பெட் என்ற கணனியில் திரை, விசைப்பலகை, ஒலிநாடாக் கருவி ஆகிய மூன்றும் ஒரே உலோக உடலுக்குள் இருந்தன. இதில் ஒரு வேடிக்கை. மோட்டார் வாகனத்தின் முன்மூடியை உயர்த்தி முட்டுக்கொடுப்பது போலவே, அதன் மேற்பகுதியையும் உயர்த்திக் கம்பியொன்றால் முட்டுக்கொடுத்து நிறுத்தலாம். முதன்முதல் வந்த 'ஓல் இன் வன்' கணனிகளில் ஒன்று, திறப்பதற்கென்றே செய்யப்பட்டிருந்தது.

அதே ஆண்டில் அப்பிள் 2 வந்தது. அதற்குள் மேலதிக அட்டைகளைச் செருகுவதற்கு எத்தனை இடங்கள் வேண்டும் என்பதில் அந்நிறுவனத்தின் இரு ஸ்டீவ்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அச்சுப்பொறிக்கு ஒன்று, தொலைபேசி வழித் தொடர்புக்கு ஒன்று, ஆக இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜொப்ஸ். எட்டு வேண்டும் என்றார் ஸ்டீவ் வொஸ்னியாக். வொஸ்னியாக் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னாளில் நெகிழ்தட்டு இயக்கியும் வேறு செயலியைக் கொண்ட அட்டையும் அந்த எட்டு இடங்களின் வழியாகவே அதற்குள் புகுந்தன. அப்பிள் 2 வரிசை 1993 வரை விற்பனையில் நிலைத்ததற்கு அந்த இடங்களும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

1981 ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணனியை அறிமுகப்படுத்தியது. அதில் ஐந்து செருகிடங்கள் இருந்தன. உதிரிப்பாகங்களுட் பெரும்பாலானவை வெளிச்சந்தையில் வாங்கப்பட்டவை. மின்சுற்று வரைபடங்களைக்கூட அந்நிறுவனம் நூலாக வெளியிட்டது. அதன் விளைவாக அட்டை செய்பவர்களும் நகல் செய்பவர்களும் உலகெங்கும் தோன்றினர். நகல்கள் பெருகியது ஐ.பி.எம்.முக்கு இழப்பாக முடிந்தது. நமக்கு இலாபமாயிற்று. கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் உதிரிப்பாகங்களை வாங்கி ஒரு கணனியை நாமே பொருத்திக்கொள்ள முடிந்தது அந்தத் திறந்த அமைப்பின் வழிவந்த நன்மையே.

ஜொப்ஸ் தன் எண்ணத்தைக் கைவிடவில்லை. 1984 ஜனவரி 24 இல் வெளியான மக்கின்டொஷ் அவர் விரும்பியவாறே ஒன்பது அங்குலத் திரையுடன் ஒரே உடலாய் அமைந்தது. விலை 2,495 டொலர். செருகிடம் ஒன்றுகூட இல்லை. பின்புறத்துத் திருகாணிகளிற் சில ஆழத்துக்குள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கழற்றுவதற்கு நட்சத்திர முனை கொண்ட நீண்ட திருப்புளி தேவைப்பட்டது. வீட்டிலிருக்கும் திருப்புளி உதவாது. அதை உருவாக்கியவர்களின் கையொப்பங்கள் உறையின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்தன என்பது இன்னொரு வேடிக்கை. வாங்கியவர் திறக்கக்கூடாது என்று செய்த பெட்டிக்குள் கையொப்பம்!

அதன் நினைவகம் வெறும் 128 கிலோபைட். அது போதாது என்பது அதன் பலகையை வடிவமைத்த பரெல் சிமித்துக்குத் தெரிந்திருந்தது. பரிசோதனைக்கான வாயில் என்ற பெயரில் ஒரு செருகிடத்தை நுழைக்க அவர் முயன்றார். அது கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. ஆயினும் பெரிய நினைவகச் சில்லுகள் பிற்காலத்தில் பொருந்துவதற்கான வழியைப் பலகையில் அவர் விட்டுவைத்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் 512 கிலோபைட் மக்கின்டொஷ் வந்தது. 1985 இல் ஜொப்ஸ் அப்பிளை விட்டு விலகினார். 1987 இல் வந்த மக்கின்டொஷ் 2 இல் ஆறு செருகிடங்கள் இருந்தன.

இத்தனை குறை சொன்ன அந்தச் சிறு பெட்டிக்குப் பத்திரிகைத் தொழில் கடமைப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1985 இல் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் பேஜ்மேக்கர் மென்பொருளும் மக்கின்டொஷுடன் சேர்ந்தபோதுதான் மேசைப் பதிப்பு என்னும் முறை பிறந்தது. பேஜ்மேக்கரை வெளியிட்ட நிறுவனத்தைத் தொடங்கிய போல் பிரெய்னார்ட் பத்திரிகைத் துறையிலிருந்து வந்தவர். ஒரு மேசை அளவு இடத்தில் பக்கம் அமைக்கலாம் என்று காட்டியது மூடிய பெட்டிதான்.

நிமிர்ந்து நிற்கும் பெட்டி பரவலானது 1980 களின் பிற்பகுதியில். ஐ.பி.எம்.மின் பி.எஸ்.2 வரிசையில் 1987 இல் வந்த 60, 80 ஆகிய மாதிரிகள் நிலத்தில் நிற்கும் வகையின. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்ற பொது அளவை வெளியிட்டது. தாய்ப்பலகையின் துளைகளும் மின்வழங்கியின் இணைப்பும் எங்கே இருக்கவேண்டும் என்பதை அது வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் பலகை இன்னொரு நிறுவனத்தின் பெட்டிக்குள் தடையின்றிப் பொருந்துவது இதனால்தான்.

இதன் அருமையை நான் நேரிற் கண்டேன். எங்கள் பக்க வடிவமைப்புப் பிரிவில் ஓர் இரவு, முதற்பக்கம் அச்சுக்குப் போகவேண்டிய வேளையில், ஒரு டவரின் மின்வழங்கி எரிந்துபோயிற்று. பாமினி எழுத்துருவில் கோத்த பக்கங்கள் அனைத்தும் அதன் வன்தட்டில் இருந்தன. விளம்பரப் பிரிவில் சும்மா இருந்த இன்னொரு டவரிலிருந்து மின்வழங்கியைக் கழற்றி வந்து பொருத்தினார் ஒரு வடிவமைப்பாளர். கால் மணித்தியாலம் கூட ஆகவில்லை. பத்திரிகை வழமையான நேரத்துக்கே வெளிவந்தது. பின்னாளில் அழகுக்காக வாங்கிய ஓல் இன் வன் ஒன்றின் திரை இருண்டபோது, கணனி முழுவதையும் முகவரிடம் அனுப்ப நேர்ந்தது. உள்ளே மற்ற எல்லாமே நலமாக இருந்தும், வாரக்கணக்கில் அந்த மேசை வெறுமையாகக் கிடந்தது.

அழகு என்றதும் 1998 இல் வந்த ஐமக் நினைவுக்கு வருகிறது. வீழ்ச்சியின் விளிம்பிலிருந்த அப்பிளை நிமிர்த்திய நீலப் பெட்டி அது. 2004 இல் வந்த ஐமக் ஜி5 இன் பின்மூடியை மூன்று திருகாணிகளைத் தளர்த்திக் கழற்றி, பல பாகங்களை உரிமையாளரே மாற்றலாம். பெட்டியை மூடிய நிறுவனமே அதைத் திறந்துவிட்ட அபூர்வமான தருணம். நீடிக்கவில்லை. 2012 இல் திரை பசையால் ஒட்டப்பட்டது. 2009 முதல் வந்த ஐமக்குகள் பலவற்றை வேறொரு கணனியின் திரையாகவும் பயன்படுத்த முடிந்தது. 2014 இன் இறுதியில் 5கே திரை வந்தபோது அதுவும் போயிற்று. உள்ளிருக்கும் கணனி முதுமையடைந்தால், கண்ணாடி போன்ற நல்ல திரையும் உடன்கட்டை ஏறவேண்டியதுதான்.

மூடிய பெட்டியின் பக்கமும் நியாயம் உண்டு. மேசையில் இடம் மிச்சம். கம்பிகள் குறைவு. பல மாதிரிகளில் மடிக்கணனிக்குரிய பாகங்களே இருப்பதால் மின்சாரத்தை மிதமாகவே உண்ணும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நேரத்தில் அது சிறிய யு.பி.எஸ். ஒன்றிலும் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையில் காண்பதற்கு மட்டுமே கணனி வேண்டும் என்ற அம்மாவுக்கு, ஒரே கம்பியைச் செருகினால் இயங்கும் ஒன்றை நான் குறைகூற மாட்டேன்.

ஆனால் 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. நல்ல நிலையில் இயங்கும் பல பழைய கணனிகள், செயலி பழையது என்பதால் விண்டோஸ் 11 இற்குத் தகுதி பெறவில்லை. டவர் வைத்திருப்பவர் பலகை, செயலி, நினைவகம் ஆகியவற்றை மாற்றி, பெட்டியையும் திரையையும் காப்பாற்றிக்கொள்ளலாம். ஓல் இன் வன் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் அந்த வழி இல்லை. பத்தாண்டுக்கு ஒரு கணனி வாங்கும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று. ஆகவே எழுதவும் கணக்குப் பார்க்கவும் பிள்ளைகள் படிக்கவும் வேண்டுமென்றால் நான் டவரையே சொல்வேன்.

அதிலும் ஓர் எச்சரிக்கை. வடிவத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 2023 இல் அப்பிள் வெளியிட்ட மக் புரோ டவர்தான், செருகிடங்களும் உண்டு. ஆனால் வாங்கிய பின் அதன் நினைவகத்தைக் கூட்ட முடியாது. வேறு சில பெரிய நிறுவனங்களின் டவர்களில் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அந்நிறுவனத்துக்கே உரிய அளவில் அமைந்தவை; ஊர்க்கடையில் அவற்றுக்கு மாற்றுக் கிடைக்காது. கடைக்குப் போகும் உறவினரிடம், பணம் கொடுப்பதற்கு முன் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுமாறு சொல்லிவிடுங்கள்.