வென்றவர் வணங்கிய கோபுரம்

தாய்லாந்தின் வடபகுதியிலுள்ள சியாங் மாய் நகருக்குச் சென்றிருந்தபோது, ஒரு முழு நாளை லம்பூனுக்கென ஒதுக்கினோம். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 26 கிலோமீட்டர்தான் தொலைவு. வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு காலையிலேயே புறப்பட்டோம். அங்கும் நம் ஊரைப் போலச் சாலையின் இடப்புறமே வண்டி ஓட்ட வேண்டும் என்பதால் அச்சம் ஏதுமில்லை.

நகரைத் தாண்டியதும் முதலில் நின்ற இடம் வியாங் கும் காம். சியாங் மாயை 1296இல் நிறுவுவதற்கு முன் மன்னன் மங்ராய் தலைநகராகக் கொண்டிருந்த ஊர் இது. பிங் ஆற்றின் வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் புதைந்து, மறக்கப்பட்டு, 1984இல்தான் மீண்டும் அடையாளம் காணப்பட்டது. இங்குள்ள செடி லியாம் என்னும் சதுரத் தூபி ஐந்து அடுக்குகளாய்க் குறுகி மேலெழுகிறது. அடுக்குதோறும் மாடங்களில் புத்தர் நிற்கிறார். 1908இல் பர்மிய வணிகர் ஒருவர் செய்வித்த திருப்பணியால் அலங்காரங்களில் பர்மியச் சாயல் ஏறிவிட்டது. ஆனால் அதன் வடிவம் மங்ராயின் மக்களுடையதுமன்று, பர்மியருடையதுமன்று. அவ்வடிவத்தின் மூலத்தைக் காணவே நாங்கள் லம்பூன் போய்க்கொண்டிருந்தோம்.

பழைய லம்பூன் சாலையின் இருமருங்கிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நட்ட யாங் மரங்கள் வானளாவ நிற்கின்றன. அவற்றின் அடிமரங்களில் காவித் துணி சுற்றப்பட்டிருக்கிறது. மரத்துக்குத் துறவு கொடுத்துவிட்டால் வெட்டத் துணியமாட்டார்கள் என்பது இங்குள்ளோரின் நம்பிக்கை. லம்பூன் எல்லை வந்ததும் யாங் மரங்கள் முடிந்து மஞ்சள் கொன்றை மரங்கள் தொடங்குகின்றன. எல்லைக்கல்லைத் தேட வேண்டியதில்லை.

லம்பூனின் பழம்பெயர் ஹரிபுஞ்சய. மோன் மொழி பேசிய மக்களின் அரசு அது. வாசுதேவர் என்னும் முனிவர் நகரை அமைத்து, ஆள்வதற்குத் தெற்கே லவோ நாட்டிலிருந்து (இன்றைய லோப்புரி) இளவரசி சாமதேவியை அழைத்துவந்தார் என்றும், அவள் 500 பிக்குகளுடன் வந்தாள் என்றும் பாலி மொழி நூலான சாமதேவிவம்சம் கூறுகிறது. அந்நூல் 15ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. கதை நடந்ததாகச் சொல்லப்படுவதோ 7ஆம் நூற்றாண்டில். எனவே இதை வரலாறாக அன்றி, ஓர் ஊர் தன்னைப் பற்றிப் பேணிவரும் நினைவாகவே கொள்ள வேண்டும்.

நகரின் நடுவே ஹரிபுஞ்சய மகாதாது ஆலயம். செப்புத் தகடு போர்த்திப் பொன் பூசிய தூபி 46 மீட்டர் உயரம். உச்சிவெயிலில் அதை நிமிர்ந்து பார்க்கக் கண் கூசிற்று. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சூடேறிய தரையில் வேகமாக வலம் வந்தோம். அல்லி மொட்டுகளை ஏந்தி முதிய பெண்கள் சிலர் எங்களுக்கு முன்னே நிதானமாக நடந்தார்கள்.

ஆலயத்துக்கு அருகிலேயே அருங்காட்சியகம். சுடுமண் புத்தர் தலைகள் பல அங்குள்ளன. இணைந்த புருவமும் அகன்ற முகமும் கொண்ட அவை, பிற்காலத் தாய் சிற்பங்களின் மெலிந்த முகங்களினின்று முற்றிலும் வேறானவை. எங்களை நெடுநேரம் நிறுத்தியவை கல்வெட்டுகளே. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட சவ்வாதிசித்தி மன்னன் காலத்து மோன் கல்வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். மோன் எழுத்து தென்னிந்தியாவின் பல்லவர் கால எழுத்து மரபிலிருந்து கிளைத்தது என்பது அறிஞர் கருத்து. எங்கோ பார்த்த உறவினரின் சாயல் போல அவ்வெழுத்துகள் தோன்றின. ஆயினும் ஒரு சொல்லைக்கூட எங்களால் படிக்க இயலவில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மங்ராய் இந்நகரைக் கைப்பற்றினான். வீழ்ச்சியைப் பற்றி வடநாட்டு வரலாற்றேடுகள் கூறும் கதை சுவையானது. மங்ராய் தன் ஆளான ஆய் ஃபாவை முன்னதாகவே ஹரிபுஞ்சயவுக்கு அனுப்புகிறான். மன்னன் யீ பாவின் நம்பிக்கையைப் பெற்ற அவன், மண் இறுகிக் கிடக்கும் கடுங்கோடையில் மக்களைக் கால்வாய் வெட்டவைக்கிறான். இது மன்னனின் ஆணை என்கிறான். மக்கள் மன்னனை வெறுத்த பின்னரே படை வருகிறது. உண்மையோ புனைவோ, குடிகளின் மனம் கசந்த நாட்டுக்கு மதில் காவலாகாது என்பதை அறிந்தவர்கள் எழுதிய கதை இது.

பிற்பகலில் நகருக்கு மேற்கே சாமதேவி ஆலயத்தை அடைந்தோம். மக்கள் இதைக் கு குட், அதாவது முடி முறிந்த தூபி என்பர். ஐந்து அடுக்கு, பக்கத்துக்கு மூவராக அடுக்குக்குப் பன்னிருவர், ஆக 60 புத்தர்கள். 1218ஐ ஒட்டி, நிலநடுக்கத்துக்குப் பின் சவ்வாதிசித்தி இதைப் புதுப்பித்தான் என்பர். இலங்கையின் பொலன்னறுவையிலுள்ள சத்மகால் பிரசாதத்தோடு இதன் அமைப்பை ஒப்பிடுவதுண்டு. காலையில் கண்ட செடி லியாம் இதன் நகல். நகரை வென்ற மங்ராய், தோற்றவரின் தூபியையே தன் புதிய தலைநகரில் எழுப்பினான். அவன் வழிவந்த லான்னா நாட்டினர் பௌத்த நூல்களை எழுதிய தம் எழுத்தும் மோன் எழுத்திலிருந்து பிறந்ததே.

தோற்றவர் பண்பாட்டால் வென்றனர் என்று இதைச் சொல்லி மகிழ்ந்துவிடலாம். ஆனால் எங்களுக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. வடிவம் வாழ்ந்தது, எழுத்து வாழ்ந்தது. அந்நகரின் பேச்சாக இருந்த மொழி அங்கிருந்து அகன்றுவிட்டது. மோன் மொழி இன்று பெரும்பாலும் மியன்மாரிலும் நடுத் தாய்லாந்தின் சில ஊர்களிலுமே வழங்குகிறது. கல்லில் எழுதிவைத்தால் மொழி நிலைக்கும் என்று நம்புகிறவர்கள் அந்த அருங்காட்சியகத்தில் சற்று நேரம் நிற்க வேண்டும்.

வெயில் தாழ்ந்த பின் திரும்பினோம். கொன்றை முடிந்து யாங் மரங்கள் தொடங்கின. காவி சுற்றிய மரங்களினூடே, எவரும் அதிகம் பேசாமல், சியாங் மாய் வந்து சேர்ந்தோம்.