வெறுமையாய் இருந்த ஆறாவது கட்டம்



மின்தடையம், மின்தேக்கி, மின்தூண்டி ஆகிய மூன்றையே மின்சுற்றின் அடிப்படை உறுப்புகளாக நாம் படித்தோம். அந்தப் பட்டியல் முழுமையானதா என்று 1971-ஆம் ஆண்டு வினவியவர், பிலிப்பைன்சில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராகப் பணியாற்றிய லியோன் சுவா.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்னூட்டம், காந்தப் பாயம் ஆகிய நான்கையும் இரண்டிரண்டாக இணைத்தால் ஆறு உறவுகள் வரும். அவற்றுள் ஐந்து அறியப்பட்டவை. மின்னூட்டத்தையும் காந்தப் பாயத்தையும் இணைக்கும் ஆறாவது கட்டம் மட்டும் வெறுமையாய் இருந்தது. அதற்குரிய உறுப்பு, தன் வழியே முன்பு பாய்ந்த மின்னூட்டத்திற்கேற்பத் தன் தடையை மாற்றிக்கொள்ளும். அதனை அவர் 'மெம்ரிஸ்டர்' என்றார். நாம் 'நினைவுத்தடை' எனலாம்.

1983-இல் தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, சுவா வேறொரு மின்சுற்றை வடிவமைத்தார். அதன் இயக்கத்தை ஆங்கிலத்தில் 'கேயாஸ்' என்பர். 'ஒழுங்கின்மை' எனும் தமிழ்ச்சொல் அதன் முழுப்பொருளைத் தருவதில்லை. அங்கே விதி உண்டு. அது மீறப்படுவதும் இல்லை. எனினும் தொடக்கத்தில் நேரும் மிகச் சிறிய வேறுபாடு விரைந்து பெருகுவதால், நெடுநேரத்திற்குப் பின் நிகழ்வதை முன்கூட்டியே கணிக்க இயலாது.

வெளியிலிருந்து தூண்டப்படாத ஒரு மின்சுற்று இவ்வாறு இயங்க, குறைந்தது மூன்று மாறிகள் தேவை. 1994-இல் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முரளியும் இலட்சுமணனும் சுவாவுடன் இணைந்து ஓர் எளிய சுற்றை அறிவித்தனர். அதற்கு வெளியிலிருந்து வரும் மாறுமின்னழுத்தமே தூண்டுகோலாயிற்று.

2008-இல் எச்.பி. ஆய்வகத்தினர் டைட்டானியம் டையாக்சைடுப் படலத்தில் மெம்ரிஸ்டரைக் கண்டதாக அறிவித்தனர். அது சுவா கூறிய உறுப்புதானா எனும் விவாதமும் எழுந்தது. அதே ஆண்டில் இட்டோவும் சுவாவும் பழைய சுற்றில் மெம்ரிஸ்டரைப் பொருத்திக் கணித்துக் காட்டினர். 2010-இல் முத்துசாமியும் சுவாவும் மூன்றே உறுப்புகளைத் தொடராக இணைத்தனர். மின்தூண்டியின் மின்னோட்டம் ஒரு மாறி. மின்தேக்கியின் மின்னழுத்தம் மற்றொன்று. மூன்றாவதாக அமைந்தது மெம்ரிஸ்டரின் நினைவு! அவர்கள் பயன்படுத்தியது அப்படலத்தை அன்று; மெம்ரிஸ்டர்போல் இயங்குமாறு கட்டிய ஒரு துணைச்சுற்றையே.

வெறுங்கட்டத்தைக் கண்டு எழுந்த வினாவிற்கு ஆய்வகம் விடை சொல்ல முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. "இவ்வளவுதானா, ஐயா?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டால், "பாடத்தில் இவ்வளவுதான்" என்று முடித்துவிடாமல், பட்டியலைக் கரும்பலகையில் எழுதி வெறுங்கட்டத்தை அவரையே தேடச் சொல்வோம்.