கையால் பிடிக்கும் மட்பாண்டம்

சக்கரம் இல்லாமல், விரல்களாலும் உள்ளங்கையாலும் ஈரக் களிமண்ணுக்கு உருக்கொடுக்கும் கலை. சக்கரத்தில் செய்வதை ‘வனைதல்’ என்கிறோம். கையில் செய்வதற்குத் தமிழில் இன்னும் நெருக்கமான சொல் ஒன்று உண்டு: ‘பிடித்தல்’. பிள்ளையார் பிடிப்பதும் கொழுக்கட்டை பிடிப்பதும் ஒரே கைப்பழக்கம்தான். ஆவணிச் சதுர்த்திக்கு வீட்டில் களிமண் பிள்ளையார் பிடித்தவர் எவரும் இக்கலையின் முதல் பாடத்தைக் கற்றுவிட்டவரே. மனத்துக்கு ஓய்வு தரும் பழக்கமாக இன்று நகரவாசிகள் இதைத் தேடி வருகிறார்கள்.

எளிய உருப்படி கிண்ணம். ஆரஞ்சுப் பழ அளவு மண்ணை உருட்டி இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலை நடுவே இறக்க வேண்டும். அடியில் அரை விரற்கடை மண் மிஞ்சும்போது விரலை நிறுத்திவிட வேண்டும். பிறகு கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே: ஓர் அழுத்து, ஒரு சிறு திருப்பு, மீண்டும் ஓர் அழுத்து. சுவர் எங்கே தடித்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். விளிம்பு வெடித்தால் ஈரவிரலால் நீவலாம். தண்ணீர் கூடினால் சுவர் தொய்ந்து உட்கார்ந்துவிடும். பெரிய பாண்டத்துக்கு மண்ணைக் கயிறுபோல் உருட்டிச் சுற்றுச்சுற்றாக அடுக்குவார்கள். பெட்டி, தட்டு போன்றவற்றுக்குச் சப்பாத்தி தேய்ப்பதுபோல் மண்ணைத் தேய்த்து, வெட்டி, ஓரங்களைக் கீறிச் சேறு தடவி ஒட்டுவார்கள்.

மன அமைதி என்று இதில் சொல்லப்படுவது மண்ணின் குணத்திலிருந்தே வருகிறது. களிமண் அவசரத்தைப் பொறுக்காது. கீழ்ச்சுவர் சற்று இறுகாமல் மேல்சுவரை ஏற்ற முடியாது. ஆகவே காத்திருப்பது வேலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இரண்டு கையும் சேறாக இருப்பதால் செல்பேசியைத் தொடவும் முடியாது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் பாதி நிம்மதி அதில்தான் இருக்கிறது என்பேன். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் களிமண், வண்ணப்பேனா, ஒட்டுப்படம் ஆகியவற்றில் விருப்பமானதைச் செய்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் அளவு குறைந்திருந்தது. முன்பழக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், களிமண்ணுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆனாலும் கைவேலை நன்றாக வந்தால்தான் மனம் ஆறும் என்ற தயக்கத்தை அது போக்குகிறது.

சக்கரம் தெரிந்த பிறகும் கைவேலை மறையவில்லை. ஜப்பானின் ராக்கு தேநீர்க் கிண்ணங்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து கையாலேயே செய்யப்படுகின்றன. மணிப்பூரின் ஆண்ட்ரோ ஊர்ப் பெண்கள் சக்கரமின்றியே பானை செய்கிறார்கள். தமிழ்நாட்டில் இதன் உச்சம் அய்யனார் கோயில் குதிரை. குதிரையைக் காணிக்கையாக்கும் புரவி எடுப்பு விழாவுக்கு நாள் குறித்ததும் ஊரார் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். ஒரு கைப்பிடி மண்தான் ஒப்பந்தம். மணலும் உமியும் கலந்து மிதித்த மண்ணில் முதலில் நான்கு கால்கள் எழும், அவை காய்ந்து தாங்கும் பதம் வந்ததும் வயிறு, பிறகு கழுத்து, தலை. உள்ளே வெற்றிடமாக விடுவதும் ஆங்காங்கே துளை வைப்பதும் அழகுக்காக அல்ல. ஈரம் ஆவியாக வெளியேற வழியில்லையென்றால் குதிரை நெருப்பில் வெடித்துவிடும்.

சமவெளி மட்டுமல்ல, மலையும் மண்வேலை அறிந்ததே. பழனி மலையில் பழங்காலக் கற்திட்டைகள் பல உண்டு.  அங்கே தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில் கருப்பு சிவப்புப் பானைகள் கிடைத்தன. பாண்டம் இந்த மலைக்குப் புதிதல்ல.

அதே மலையில், வட்டக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் இடையே சரிவில் இருக்கும் வெள்ளகவி நெடுங்காலம் வண்டிப்பாதை இல்லாத ஊர். சுமை வந்தது தலையிலும் குதிரையிலும். தெய்வங்கள் உறையும் மண் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. சக்கரமும் மின்சாரமும் கேட்காத இந்தக் கைத்தொழில் இப்படிப்பட்ட ஊருக்குத் தடையில்லாமல் பொருந்தும். ஒரு பலகை, ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழந்துணி போதும்.

மலையில் பழகுபவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது காய்ச்சல் பதம். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும், சமவெளியில் சில நாளில் உலரும் கிண்ணம் வாரக்கணக்கில் ஈரம் விடாது. மேலே வெளிறிவிட்டதே என்று சூளைக்குள் வைத்துவிடக் கூடாது. கிண்ணத்தின் அடியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும்.